மார்க்கில் வராத பேச்சு

குழந்தையின் மொழித்திறனை அளக்கும் ஒரு வழக்கமான டெஸ்ட்: மேசையில் நான்கு படங்கள். "குடை எது, காட்டு" என்று கேட்பார்கள், குழந்தை தொட வேண்டும். தொடர்ந்து சில கேள்விகள் தவறினால் டெஸ்ட் அங்கேயே நின்றுவிடும். பிறகு, அதே வயதுக் குழந்தைகளின் அட்டவணையோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளிடம் இந்த முறை தடுமாறுவது அந்த அட்டவணையில்தான். அதன் கடைசிப் படி 40 என்றால், அதற்குக் கீழே இருக்கும் எல்லாருக்கும் 40தான். ஒற்றைச் சொல்லாகப் பேசும் பத்து வயதுப் பையனுக்கும், "அம்மா கடைக்குப் போச்சு, பால் இல்ல" என்று சேதி சொல்லத் தெரிந்த பையனுக்கும் ஒரே மார்க். முதல் பையன் ஒரு வருடம் பாடுபட்டு இரண்டாமவனைப் போலப் பேசக் கற்றாலும் மார்க் அசையாது. "முன்னேற்றம் இல்லை" என்று அறிக்கை வரும். பெற்றோருக்கு இதைவிடக் கொடுமையான பொய் இருக்க முடியாது.

அதனால் அமெரிக்காவில் லியோனார்ட் அபெடூட்டோ என்ற ஆய்வாளரின் குழுவினர் வேறு வழியில் போனார்கள். பிள்ளையிடம் எழுத்தே இல்லாத ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்து, கதை சொல்லச் சொல்வார்கள். இன்னொரு அமர்வு வெறும் அரட்டை. பெரியவர் குறைவாகப் பேச வேண்டும், "ஆமா", "இல்ல" என்று முடிந்துவிடும் கேள்விகளைத் தவிர்க்க வேண்டும். பதிவானதை எழுத்தாக்கி எண்ணுவார்கள்: எத்தனை வெவ்வேறு சொற்கள், வாக்கியம் எவ்வளவு நீளம், எத்தனை இடம் புரியவில்லை. டவுன் சிண்ட்ரோம் அல்லது ஃப்ராஜைல் எக்ஸ் (இரண்டும் அறிவுசார் குறைபாட்டை உண்டாக்கும் மரபணு நிலைகள்) உள்ள 6 முதல் 23 வயது வரையிலானவர்களிடம் சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அளவுகள் நம்பும்படி ஒத்து வந்தன. ஆனால் கொஞ்சமாவது சொற்களைச் சேர்த்துப் பேசுகிறவர்களுக்குத்தான் இது பயன்படும்.

தமிழில் எண்ணும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். "வரமாட்டேன்" ஒரே சொல், ஆனால் அதற்குள் வினையும் மறுப்பும் 'நான்' என்பதும் இருக்கின்றன. சொற்களை மட்டும் எண்ணினால் பிள்ளையின் இலக்கணத்தைத் தவறவிடுவோம்.

சரி, அளந்த பிறகு? டவுன் சிண்ட்ரோமில் பல பிள்ளைகளுக்குப் பேசுவதைவிடப் புரிந்துகொள்வது நன்றாக வரும். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வதால் கேட்பது மங்கும். கேட்ட சொல்லை மனதில் சில நொடி நிறுத்தி வைப்பதும் கடினம். காதில் விழுந்த சொல் நழுவிப் போகும், அட்டையில் எழுதிய சொல் கண்முன் நிற்கும். வாசிப்பின் வழியாகப் பேச்சைக் கற்றுக்கொடுக்கும் முறை இதிலிருந்துதான் வந்தது. பேசட்டும், அப்புறம் படிக்கலாம் என்று காத்திருப்பது வீண் என்றே நான் நினைக்கிறேன்.

2012இல் பிரிட்டனில் கெல்லி பர்கோய்னும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 57 பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு வாசிப்பும் மொழியும் சேர்ந்த தினசரிப் பயிற்சி, மற்றப் பிரிவு 20 வாரம் காத்திருந்தது. பயிற்சி பெற்றவர்கள் சொற்களை வாசிப்பதிலும் எழுத்தின் ஒலியை அறிவதிலும் முந்தினார்கள். சொல்லிக்கொடுத்த சொற்களைப் பேச்சிலும் கற்றுக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்காத சொற்களுக்கு அந்தப் பலன் பரவவில்லை. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அதனால்தான் அவ்வளவு முக்கியம்: அந்தப் பிள்ளைக்கு நாளைக் காலையிலேயே வீட்டில் தேவைப்படும் சொல்லாக அது இருக்க வேண்டும்.