கார் டேப் பில்லில் எந்தக் காசு யாருக்குப் போகிறது?

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கார் டேப் புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். நம்பர் பிளேட்டின் மூலையில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கருக்கா இவ்வளவு என்று அங்கலாய்த்துவிட்டு, கடைசித் தொகையை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறோம். அந்தப் பணம் ஒரே கல்லாவுக்குப் போவதில்லை. வாஷிங்டன் மாநிலம், வட்டார ரயில், பஸ் நடத்தும் அமைப்பான சவுண்ட் டிரான்ஸிட், சில ஊர்களில் நகர நிர்வாகம் என்று மூன்று பேருக்கு அதில் பங்கு உண்டு. யார் எதற்கு வாங்குகிறார்கள் என்று தெரிந்தால்தான் யாரிடம் கணக்குக் கேட்பது என்றும் தெரியும்.

மாநிலத்தின் பங்கு எளிது. அடிப்படைக் கட்டணம் 30 டாலர். அதன்மேல் வண்டியின் எடைக்கேற்ற கட்டணமும் சில்லறை அலுவலகக் கட்டணங்களும் சேரும். முழு மின்சாரக் கார் என்றால் கூடுதலாக 225 டாலர், ஹைபிரிட் என்றால் 75. 1944-இல் வந்த அரசியல் சாசனத் திருத்தத்தின்படி, மாநிலம் வசூலிக்கும் பெட்ரோல் வரியையும் வாகன லைசென்ஸ் கட்டணத்தையும் நெடுஞ்சாலைப் பணிகளுக்கு மட்டுமே செலவிடலாம். பஸ் ஓட்ட அதிலிருந்து எடுக்க முடியாது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் உள்ளூரே காசு தேட வேண்டியிருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பில்லைப் பெருக்குவது சவுண்ட் டிரான்ஸிட்டின் பங்கு. நோட்டீஸில் ஆர்.டி.ஏ. (ரீஜனல் டிரான்ஸிட் அத்தாரிட்டி) என்று இருக்கும். 1996-இல் மக்கள் ஏற்ற 0.3 சதவீதமும் 2016 நவம்பரில் ஏற்ற 0.8 சதவீதமும் சேர்ந்து 1.1 சதவீதம். இது நீங்கள் கார் வாங்கிய விலைக்குப் போடுவதல்ல, இன்று சந்தையில் அது போகும் விலைக்கும் அல்ல. கம்பெனி அறிவித்த விலையை எடுத்து, 1990-களின் தேய்மான அட்டவணைப்படி கழித்து, மிச்சத்துக்குப் போடுகிறார்கள். 40,000 டாலர் காருக்கு முதல் ஆண்டு 440 டாலர். ஐந்தாம் ஆண்டிலும் அட்டவணை அதை 74 சதவீத மதிப்பில் வைத்திருப்பதால் 325 டாலர் 60 சென்ட். அந்த விலைக்கு அந்தக் காரை விற்க முடியாது என்பது வைத்திருப்பவருக்குத் தெரியும். ரயில் வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்களைக்கூட எரிச்சலூட்டியது இந்த அட்டவணைதான். 2019-இல் டேப் கட்டணத்தை 30 டாலராகக் குறைக்கச் சொன்ன ஐ-976 என்ற, மக்கள் ஓட்டுக்கு வந்த முன்மொழிவு வென்றதில் அந்தக் கோபத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதே எங்கள் கணிப்பு. வாக்குச்சீட்டின் வாசகம் வாக்காளரைத் தவறாக வழிநடத்தியது என்று சொல்லி 2020 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

மூன்றாவது பங்குதான் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது. டிரான்ஸ்போர்ட்டேஷன் பெனிஃபிட் டிஸ்ட்ரிக்ட், சுருக்கமாக டி.பி.டி. என்ற அமைப்பின் பெயரில் நகர கவுன்சில் இதைப் போடுகிறது. முதலில் 20 டாலர் வரை பொது வாக்கெடுப்பு இல்லாமலே போடலாம். அந்த 20 டாலர் இரண்டு ஆண்டு அமலில் இருந்தால் 40 வரை, அந்த 40-உம் இரண்டு ஆண்டு ஓடினால் 50 வரை. அதற்கு மேல் 100 டாலர் வரை போக மக்கள் ஓட்டு வேண்டும். வசூல் செய்வது மாநில லைசென்ஸிங் துறை. அதற்குக் கூலியாக 1 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளும்.

கவுன்சில்கள் சறுக்குவது முதல் ஆண்டுக் கணக்கில். 40,000 வண்டி உள்ள ஊரில் 20 டாலர் என்றால் ஆண்டுக்கு 8 லட்சம், பிடித்தம் போக 7,92,000 என்று பட்ஜெட்டில் எழுதிவிடுவார்கள். ஆனால் தீர்மானம் போட்ட ஆறு மாதத்துக்குப் பிறகுதான் வசூல் தொடங்கலாம். தொடங்கினாலும் எல்லா வண்டிக்கும் ஒரே நாளில் பணம் வராது. அவரவர் டேப் முடியும் மாதத்தில்தான் வரும். ஜனவரியில் தீர்மானம் போட்டால் அந்த டிசம்பருக்குள் கைக்கு வருவது கிட்டத்தட்ட பாதிதான். முழுத் தொகையை நம்பி ஜூனிலேயே தார் போட டெண்டர் விட்ட ஊர், வேறு நிதியிலிருந்து கைமாற்று வாங்க வேண்டியதாகும். கட்டணத்தின் டாலர் எண்ணிக்கை நிலையானது என்பதையும் மறக்கக் கூடாது: தார், கூலி விலை ஏற ஏற, அதே 20 டாலருக்குக் குறைந்த நீளத் தெருவே கிடைக்கும்.

சியாட்டில் அனுபவம் பார்க்கத் தக்கது. 2011-இல் 20 டாலர் வசூல் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் இன்னும் 60 டாலர் கேட்டபோது மக்கள் மறுத்தார்கள். சாலை, நடைபாதை, சைக்கிள், பொதுப் போக்குவரத்து என்று பணம் பல தலைப்புகளில் சிதறிக் கிடந்தது. 2014 நவம்பரில் அதே 60 டாலரோடு 0.1 சதவீத விற்பனை வரியும் கேட்டபோது ஏற்றுக்கொண்டார்கள். அந்த முறை சொன்னது ஒன்றே ஒன்று: 80 சதவீத நிறுத்தங்களாவது நகருக்குள் இருக்கும் வழித்தடங்களில் கூடுதல் பஸ் நேரம் வாங்குகிறோம். வருமானம் குறைந்தவர்களுக்கு 20 டாலர் திருப்பித் தருவதாகவும் சேர்த்திருந்தார்கள். 2020-இல் அதைப் புதுப்பிக்கும் நேரத்தில் ஐ-976 வழக்கு முடியாமல் இருந்ததால், 60 டாலரைக் கைவிட்டு விற்பனை வரியை மட்டும் 0.15 சதவீதமாக்கிக் கேட்டார்கள். வழக்கில் ஐ-976 தோற்றும், அந்த 60 டாலர் இல்லாமல்தான் திட்டம் தொடர்ந்தது.

நோட்டீஸ் வந்ததும் முதலில் முகவரியைப் பாருங்கள். தபால் முகவரியில் சியாட்டில் என்று இருப்பதெல்லாம் சியாட்டில் நகர எல்லைக்குள் இல்லை. வைட் சென்டர், ஸ்கைவே போன்ற இடங்களில் அஞ்சல் பெயர் ஒன்று, நிர்வாகம் வேறு. உங்கள் வீடு எந்த நகரத்துக்குள், சவுண்ட் டிரான்ஸிட் எல்லைக்குள்ளா வெளியிலா என்பதை வரைபடத்தில் சரிபார்த்து, தவறாகச் சேர்த்திருந்தால் லைசென்ஸிங் துறையிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். எல்லைக்கு வெளியே இருக்கும் நண்பர் வீட்டு முகவரியில் பதிந்து மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். வரிக்குப் பயந்து ஆரெகனில் பதிந்துவிட்டு வாஷிங்டனில் குடியிருந்து ஓட்டுவது கிரிமினல் குற்றமாகவே முடியும்.

பிறகு டி.பி.டி.யின் ஆண்டறிக்கையைத் தேடி எடுங்கள். எவ்வளவு வந்தது, எதில் செலவானது, எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது சட்டம். அறிக்கையில் 'சாலைப் பராமரிப்பு' என்று ஒரே வரியில் மொத்தத் தொகை இருந்தால் விடாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை மைல், புதுத் தாரா வெறும் விரிசல் அடைப்பா என்று கவுன்சில் கூட்டத்தில் கேளுங்கள். ஒரு வேலையின் செலவு முதலில் சொன்னதைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால், அதை என்ன செய்வது என்று பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். அந்த அறிவிப்பு நகரத்தின் இணையதளத்தில் கூட்ட நிகழ்ச்சி நிரலுக்குள் ஒரு வரியாகத்தான் இருக்கும். மின்னஞ்சலில் வரும்படி பதிந்து வைத்துக்கொண்டால் தவறாது.