செக்கானூரணி தாண்டியதும் சொன்ன வலி

உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் என் பெரியப்பா. வயது 78. நுரையீரலில் வந்த கட்டி எலும்புவரை பரவிவிட்டது. மதுரையில் டாக்டர், "எப்படி இருக்கீங்கய்யா?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கேன் சாமி." பக்கத்தில் நின்ற அண்ணன், "சாப்பாடு மட்டும் கொஞ்சம் கம்மி சார்" என்றார். அவ்வளவுதான், சீட்டு எழுதியாயிற்று. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, செக்கானூரணி தாண்டியதும் என் பக்கம் குனிந்தார்: "மூணு நாளா கஞ்சிகூட எறங்கலடா. ராத்திரியானா இடுப்பெலும்பு குடையுது."

பஸ்ஸில் சொன்ன இந்த இரண்டும் டாக்டரின் காதுக்குப் போயிருக்க வேண்டியவை. பெரியப்பாவுக்கு ஆறுதல் கிடைக்கும் என்பதற்காக மட்டுமல்ல. முற்றிய புற்றுநோயில், நோய் எந்த வேகத்தில் போகிறது என்பதற்கு நோயாளி வாயால் சொல்வதே ஓர் அளவுகோல்.

ஐரோப்பாவில் 30 சிகிச்சை ஆய்வுகளில் சேர்ந்திருந்த 10,108 புற்றுநோயாளிகளின் தரவுகளை ஒன்றாக்கி அலசிய முடிவு 2009-ல் வெளிவந்தது. வயது, நோய் பரவிய அளவு போன்ற வழக்கமான விவரங்களோடு, நோயாளிகளே சொன்ன மூன்றைச் சேர்த்தார்கள்: நடமாட்டம், வலி, பசியின்மை. ஆயுள் கணிப்பின் துல்லியம் 6 சதவீதம் கூடியது. காசு செலவில்லாமல், ஊசி குத்தாமல் கிடைத்த 6 சதவீதம்.

பசிக்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்? கட்டி வளரும்போது, அதுவும் அதை எதிர்க்கும் நோய் எதிர்ப்பு செல்களும் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையில் பசியை நடத்தும் ஹைப்போதலாமஸைத் தொடுகின்றன. சோறு கண்டாலே குமட்டுகிறது. அதே புரதங்கள் தசையைக் கரைக்கின்றன. கல்லீரலையும் தூண்டுகின்றன: ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் ஏறி, அல்புமின் என்ற இன்னொரு புரதம் இறங்குகிறது. இந்த இரண்டு ரத்த அளவுகளை மட்டும் வைத்தே ஆயுளைக் கணிக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் என்ற முறை இருக்கிறது. லேப் சீட்டில் எண்ணாக வரும் செய்தியைத்தான் பெரியப்பா "கஞ்சி எறங்கல" என்று சொன்னார். "நம்ம சமையல் அவருக்குப் பிடிக்கலையோ" என்று பெரியம்மா வருந்துவதில் அர்த்தமில்லை. வற்புறுத்தி ஊட்டியும் பயனில்லை.

கணிப்பு என்றதும் சோசியம் போல நாள் குறித்துத் தருவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு நோயாளிகளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, யார் கூடுதல் நாள் இருப்பார் என்று கேட்டால் எத்தனை ஜோடிகளில் கணிப்பு சரியாகச் சொல்கிறது? கணிப்பின் தரத்தை இப்படித்தான் அளக்கிறார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே நூற்றுக்கு 50 சரியாக வரும். அதற்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கேள்வி. ஒரு தனி ஆளுக்கு அது தேதி சொல்லாது.

டாக்டரின் அனுபவம் போதாதா? சிகாகோவில் இறுதிக்கட்டத்தில் இருந்த 468 பேரைப் பற்றி 343 டாக்டர்களிடம் கேட்ட ஆய்வு 2000-ல் வந்தது. ஓரளவுக்குச் சரியாக இருந்தவை 20 சதவீதக் கணிப்புகளே. 63 சதவீதம் ஆயுளைக் கூட்டிச் சொன்னவை. நோயாளியோடு பழக்கம் கூடக் கூடத் துல்லியம் குறைந்தது என்பதுதான் எனக்கு மறக்காத தகவல். பாசம் கணக்கைக் கெடுக்கும் போலிருக்கிறது.

டாக்டர்கள் போடும் 0 முதல் 4 வரையான உடல்திறன் மதிப்பெண்ணிலும் (எண் கூடினால் நிலை மோசம்) நிலையை நல்லதாக எண்ணிவிடும் இந்தச் சிக்கல் உண்டு. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிந்தால் 3. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிற அன்று பெரியப்பா சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, படியேறி வருவார். டாக்டர் பார்ப்பது அந்த அரைமணி நேரத்து மனிதரை.

முதியவர்கள் மறைப்பதற்குக் காரணங்கள் பல. அசதி என்றால் "வயசாயிருச்சுல்ல" என்று தாங்களே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, மகனுக்குச் செலவு கூடுமோ என்று பயம். பல வீடுகளில் நோயின் பெயரையே அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பதில் சொல்லும் வேலையும் மகனுக்குப் போய்விடும். உடன் இருப்பவர் வாந்தியைப் பார்ப்பார். குடைச்சலை எப்படிப் பார்ப்பார்?

கேட்டால் மட்டும் போதாது, கேட்டதும் ஏதாவது நடக்க வேண்டும். நியூயார்க்கில் கீமோ எடுத்த 766 பேரை வைத்து நடந்த சோதனையில், ஒரு பிரிவினர் 12 அறிகுறிகளைக் கணினியில் தாங்களே பதிந்தார்கள். ஏதாவது மோசமானால் நர்சுக்கு மின்னஞ்சல் போகும். நர்சு மருந்தை மாற்றுவார், போனில் பேசுவார். பதிந்த பிரிவின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26. இது ஒரே மருத்துவமனையில் நடந்தது, உசிலம்பட்டிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கணினி இல்லாத எங்கள் வீட்டில் தினக் காலண்டர் இருக்கிறது. கிழித்த தாளின் பின்பக்கம் அண்ணி எழுதுகிறார்: எத்தனை இட்லி, எத்தனை முறை எழுந்தார், வலி எவ்வளவு. பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லச் சொன்னால் பெரியப்பா முழிப்பார். ரூபாயாகக் கேட்டால் உடனே பதில் வரும்.

"பத்து ரூபாய்க்கு எத்தனை ரூபா வலி பெரியப்பா?"

"ஏழு." கொஞ்சம் யோசித்தார். "டாக்டருகிட்ட அஞ்சுன்னு சொல்லிக்கிருவோம்."

அண்ணி ஏழு என்றே எழுதினார்.