ஃபல்லாஹ்: ‘விவசாயி’ என்றால் போதுமா?

பாலஸ்தீன வரலாறு படிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் சொல் ஃபல்லாஹ். பன்மையில் ஃபல்லாஹீன். ‘விவசாயி’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோனால் பாதிப் பொருள் உதிர்ந்துவிடும்.

அரபியில் ஃப-ல-ஹ என்ற வேருக்குப் பிளத்தல், மண்ணைக் கீறுதல் என்று பொருள். மண்ணைக் கீறுபவர் ஃபல்லாஹ். அதே வேரில் பிறந்த ‘ஃபலாஹ்’ என்றால் வெற்றி, நல்வாழ்வு. பள்ளிவாசல் பாங்கில் ‘ஹய்ய அலல் ஃபலாஹ்’, அதாவது ‘வெற்றியின் பக்கம் வாருங்கள்’ என்று நம் ஊரிலும் தினமும் கேட்கிறோமே, அந்தச் சொல்தான்.

இத்தனை மேன்மையான உறவுள்ள சொல், பாலஸ்தீன நகரங்களில் ஏச்சாகவும் புழங்கியது: படிப்பில்லாதவன், பட்டிக்காட்டான். அவருக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் எஃபெண்டி. கிரேக்கத்திலிருந்து துருக்கிக்கு வந்த இந்தச் சொல், படித்தவர்க்கும் அதிகாரிகளுக்கும் உரிய மரியாதைப் பட்டம்.

இருவருக்கும் நடுவில் கிடந்தது நிலம். அன்று பாலஸ்தீனத்தை ஆண்ட உதுமானியத் துருக்கிப் பேரரசின் நிலச் சட்டம் 1858இல் வந்தபோது, வரிக்கும் ராணுவ ஆள்பிடிப்புக்கும் பயந்து பல கிராமத்தார் தம் பெயரில் நிலத்தைப் பதியவில்லை. நகரத்துப் பெரிய மனிதர்கள் பெயரில் ஏறியது. உழுதவர் வாரக்குடியானார். பெய்ரூட்டின் சுர்சுக் குடும்பம் 1920களில் மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளி நிலங்களைச் யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய சியோனிய நிறுவனங்களுக்கு விற்றபோது, தலைமுறைகளாக அங்கே உழுதவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அது பிரிட்டிஷ் ஆட்சிக் காலம். 1930இல் அந்த அரசே 104 கிராமங்களில் கணக்கெடுத்துப் பார்த்தது. ஒரு குடும்பத்தின் சராசரிக் கடன் 27 பவுண்டு, வட்டி 30 விழுக்காடு. ஆண்டு வருமானமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

அப்புறம் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1936இல் தொடங்கிய கிளர்ச்சி. அரசியல் தலைமை ஹுசைனி, நஷாஷிபி போன்ற எருசலேம் குடும்பங்களிடம் இருக்க, மலைகளில் துப்பாக்கி ஏந்தியவர்களில் பெரும்பாலோர் ஃபல்லாஹீன். 1938இல் நகரங்கள் பல அவர்கள் கைக்கு வந்தன. கடன் வசூலை நிறுத்தச் சொன்னார்கள். நகரத்து ஆண்கள் தர்பூஷ் தொப்பியைக் கழற்றிவிட்டு, கிராமத்துத் தலைத்துணியான கூஃபியாவை அணிய வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். ஊருக்குள் வரும் போராளியைப் படையினர் தலைத்துணியை வைத்து அடையாளம் காண முடியாமல் போனது. எஃபெண்டியின் தலையில் ஃபல்லாஹின் துணி! இன்று உலகம் பாலஸ்தீன அடையாளமாக அறிவது அந்தத் துணியைத்தான். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைக்கும் இடம் இது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘விவசாயி’ தொழிலை மட்டும் சொல்கிறது. ஏரைத் தொடாத நிலவுடைமையாளரும் அதற்குள் வந்துவிடுவார். வேர்ப்பொருளுக்கு அப்படியே பொருந்துவது ‘உழவர்’. நகரத்தார் பார்வையில் அவருடைய இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய வாக்கியங்களில் ‘குடியானவர்’ என்பேன். எஃபெண்டியைப் ‘பண்ணையார்’ ஆக்குவது தவறு. பண்ணையார் ஊரிலேயே இருப்பவர், இவரோ நகரவாசி. ‘நகரக் கனவான்’ எனலாம்.

இன்னொரு சொல்லும் கூடவே வரும்: முஷா. கிராமமே பொதுவாக வைத்திருந்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பங்கு மாற்றி உழுத நிலம். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். தஞ்சைப் பக்கம் மிராசுதாரர்களிடையே இதே போன்ற மறுபங்கீடு இருந்தது. அதன் பெயர் ‘கரையீடு’.