சொல் விளக்கம்: யூகடாஸ்ட்ரஃபி

கடாஸ்ட்ரஃபி என்றால் பேரழிவு. நிலநடுக்கம், சுனாமி, பங்குச்சந்தை வீழ்ச்சி என்று ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிற சொல். அதன் முன்னால் ‘நல்ல’ என்று பொருள்படும் ‘யூ’வை ஒட்டினால் யூகடாஸ்ட்ரஃபி. அப்படியே பிரித்துப் பார்த்தால் ‘நல்ல பேரழிவு’ என்று வரும். கேட்கவே கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் இந்தச் சொல்லை உருவாக்கியவர் கிறிஸ்துவின் பிறப்பை மனித வரலாற்றின் யூகடாஸ்ட்ரஃபி என்று எழுதினார். விளையாட்டுக்கு எழுதவில்லை. சொற்களின் வேரைத் தோண்டுவதே தொழிலாகக் கொண்ட மொழிப் பேராசிரியர் அவர்.

ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த ஜே. ஆர். ஆர். டோல்கீன்தான் அவர். ஹாபிட் என்ற குட்டி மனிதர்கள் வரும் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மோதிரக் கதையைப் படைத்தவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். 1939 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதை விரித்து எழுதிய கட்டுரை 1947-ல் அச்சில் வந்தது. இந்தச் சொல் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. நாடகத்தின் உச்ச வடிவத்துக்குத் துன்பியல் என்று பெயர் இருக்கிறது, தேவதைக் கதையின் உச்சத்துக்குப் பெயர் இல்லையே என்ற குறையைத் தீர்க்கவே இதை உருவாக்கினார்.

பொருள் இதுதான்: எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆன இடத்தில், யாரும் எதிர்பாராமல், கதை சட்டென்று நன்மையின் பக்கம் திரும்புவது. அந்தத் திருப்பத்தில் கேட்பவருக்கு மூச்சு ஒரு கணம் நின்று, கண்ணில் நீர் வரும். துக்கம் எவ்வளவு ஆழமாகக் குத்துமோ அவ்வளவு ஆழமாகக் குத்துகிற மகிழ்ச்சி.

1944 நவம்பரில் மகன் கிறிஸ்டோஃபருக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறார். மகன் அப்போது விமானப் படையில், தென்னாப்பிரிக்காவில். கோயிலில் கேட்ட பிரசங்கம் ஒன்றை அப்பா விவரிக்கிறார். வயிற்றில் காசநோய் முற்றிய ஒரு சிறுவனை லூர்து நகருக்குக் கூட்டிப்போகிறார்கள். குணமாகவில்லை. சாகக் கிடக்கிற பிள்ளையோடு பெற்றோர் ரயிலில் ஊர் திரும்புகிறார்கள். வண்டி நகர்ந்து மாதா காட்சி தந்த குகை கண்ணுக்குத் தெரியும் இடத்தைக் கடக்கும்போது பையன் எழுந்து உட்காருகிறான். அதே வண்டியில் குணமான ஒரு சிறுமி வருகிறாள். அவளோடு போய்ப் பேசவேண்டும் என்கிறான். நடந்து போய் விளையாடுகிறான். திரும்பி வந்து, பசிக்கிறது என்கிறான். கேக்கும் இரண்டு கிண்ணம் சாக்லேட்டும் பெரிய பெரிய சாண்ட்விச்சும் கொடுக்கிறார்கள், அத்தனையையும் தின்றுவிடுகிறான். இதைக் கேட்டபோது தமக்குள் எழுந்த உணர்வுதான் கட்டுரையில் விளக்க முயன்ற அந்த உணர்வு, அதற்காகத்தான் யூகடாஸ்ட்ரஃபி என்ற சொல்லை உண்டாக்கினேன் என்கிறார். அந்தச் சாண்ட்விச்சை விடாமல் எழுதினார் பாருங்கள், அங்கே தெரிகிறார் கதைக்காரர்.

இனி வேருக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘கடா’ என்றால் கீழே, ‘ஸ்ட்ரெஃபேன்’ என்றால் திருப்புதல். கடாஸ்ட்ரஃபே என்பது கீழ்மேலாகப் புரட்டிப்போடுவது, கவிழ்ப்பது. நாடகக்காரர்கள் இதைக் கதையின் கடைசித் திருப்பத்துக்குப் பெயராக வைத்தார்கள். அந்தத் திருப்பம் சோகமாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 4-ஆம் நூற்றாண்டில் டெரன்ஸின் லத்தீன் இன்பியல் நாடகங்களுக்கு எழுந்த உரைகளில், நிகழ்வுகள் மகிழ்ச்சியான முடிவுக்குத் திரும்புவதுதான் கடாஸ்ட்ரஃபி என்றே இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்திலும் ஒரு பாத்திரம் ‘பழைய இன்பியல் நாடகத்தின் கடாஸ்ட்ரஃபி போல’ என்று பேசுகிறது. பேரழிவு என்ற பொருள் பிற்பாடு ஏறி, மற்றதையெல்லாம் விரட்டிவிட்டது. டோல்கீனுக்கு இந்த வரலாறு தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. இருந்தும் இன்றைய காதுக்குப் பேரழிவு என்று ஒலிக்கிற சொல்லையே எடுத்து, முன்னால் நன்மையை ஒட்டினார். அந்த உரசல் அவருக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

‘யூ’ என்ற முன்னொட்டைத் தமிழர்கள் வேறு வழியில் நன்றாகவே அறிவார்கள். நீலகிரியின் தைலமரமான யூகலிப்டஸில் இருப்பது அதுதான்: ‘நன்றாக மூடப்பட்டது’ என்று பொருள், பூமொட்டின் மூடியைப் பார்த்து வைத்த பெயர். கோயிலுக்குள் போனால் இன்னும் நெருக்கம். கிரேக்க ‘யூவாங்கெலியோன்’ கத்தோலிக்கருக்கு நற்செய்தி, புராட்டஸ்டண்ட் சபைகளுக்குச் சுவிசேஷம். ‘யூகாரிஸ்தியா’ நற்கருணை. ஒரு பக்கம் ‘நல்’, இன்னொரு பக்கம் வடமொழி ‘சு’. இரண்டும் ‘யூ’வின் இடத்தில் வந்து உட்கார்ந்தவை. சுவிசேஷம் என்றே சொல்லிப் பழகிய பழைய வேதாகமத்திலும், பெத்லகேம் வயல்வெளியில் தூதன் மேய்ப்பர்களிடம் பேசும் இடத்தில் (லூக்கா 2:10) ‘மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி’ என்றுதான் இருக்கிறது. ஆக, கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே இந்த ‘யூ’ இருக்கிறது. டோல்கீன் அதை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை.

சரி, இது வெறும் ‘சுபம்’ இல்லையா? பழைய தமிழ்ப் படங்களின் கடைசியில் திரையில் வந்து நிற்குமே, அது? இல்லை. சுபம் என்பது முடிவின் நிலை. கல்யாணம் நடந்தது, வில்லன் திருந்தினான், எல்லோரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். யூகடாஸ்ட்ரஃபி முடிவு அல்ல, திரும்புகிற கணம். அதற்குப் பிறகும் கதை நடக்கலாம், துன்பம் வரலாம். கிரேக்க நாடகத்தில் பாரந்தூக்கி வைத்து மேலிருந்து தெய்வத்தை இறக்கிச் சிக்கலை அவிழ்ப்பார்களே, அந்த உத்தியும் இது அல்ல. உச்சக்கட்டத்தில் போலீஸ் ஜீப் வருவதும் அல்ல. திருப்பம் எதிர்பாராதது, ஆனால் வேர் இல்லாதது அல்ல.

மோதிரக் கதையின் உச்சம் இதற்கு நல்ல விளக்கம். அத்தனை மலைகளையும் பாழ்நிலத்தையும் தாண்டி தீய மோதிரத்தை நெருப்பில் எறிந்து அழிக்க எரிமலை விளிம்புக்கு வந்த ஃப்ரோடோ என்ற ஹாபிட், கடைசி நொடியில் எறிய மறுத்து, என்னுடையது என்று அணிந்துகொள்கிறான். தோற்றுவிட்டான். அப்போது அந்த மோதிரத்துக்கு ஏங்கி அலைந்த கோல்லம் என்ற பிறவி பாய்ந்து அவன் விரலோடு மோதிரத்தைக் கடித்தெடுத்து, கூத்தாடிக் கால் தவறி நெருப்பில் விழுகிறான். உலகம் பிழைக்கிறது. கோல்லம் அங்கே உயிரோடு இருந்ததற்குக் காரணம், முன்பு ஃப்ரோடோவின் உறவினர் பில்போவும் பிறகு ஃப்ரோடோவும் அவனைக் கொல்ல வாய்த்தும் இரக்கப்பட்டு விட்டுவைத்ததுதான். எப்போதோ காட்டிய இரக்கம், காட்டியவர்கள் நினைத்தே பார்க்காத இடத்தில் வந்து வேலை செய்கிறது. அருள் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதற்கு மிக அருகில் வருகிற இடம் இது.

அந்த நாள் எது தெரியுமா? நூலின் பின்னிணைப்புக் கால அட்டவணைப்படி மார்ச் 25. மரியாளுக்குத் தூதர் செய்தி சொன்ன திருநாள். இயேசு சிலுவையில் இறந்த நாளும் இதுவே என்பது பழைய மரபு. மோதிரத்தை அழிக்க ஒன்பது பேர் ரிவெண்டெல் என்ற இடத்தை விட்டுப் புறப்பட்ட நாள் டிசம்பர் 25. கதைக்குள் கிறிஸ்துமஸ் இல்லை, கோயில் இல்லை, இயேசு இல்லை. தேதி மட்டும் இருக்கிறது. 1953-ல் இயேசு சபை நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இது அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பு என்றார். அதனால்தான் சமயத்தை வெளிப்படையாகக் காட்டுகிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்றும் சொன்னார். பிரசங்கம் கேட்கப்போகிறோம் என்று தெரிந்ததும் காது தானாக மூடிக்கொள்ளும், அதைத் தாண்டிப் போகக் கதைக்குத்தான் வழி தெரியும். இது என் கருத்து.

அவருடைய கற்பனை உலகம் முழுவதுமே கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் ஒரு பாட்டிலிருந்து முளைத்தது என்று சொன்னால் மிகையாகாது. எக்ஸெட்டர் கையெழுத்துப் பிரதியில் ‘கிறிஸ்து’ என்ற பழைய ஆங்கிலக் கவிதை இருக்கிறது. அதன் முதல் பகுதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் துறவிகள் மாலை வழிபாட்டில் பாடும் ‘ஓ’ என்று தொடங்கும் வாழ்த்துகளைத் தழுவியது. அதில் ஓர் அடி: ‘வாழ்க ஏயரெண்டெல், தூதர்களுள் ஒளி மிக்கவனே, நடுவுலகின் மேல் மனிதருக்கென அனுப்பப்பட்டவனே.’ மாணவராக இருந்தபோது இந்த வரி டோல்கீனை உலுக்கியது. 1914 செப்டம்பரில், போர் தொடங்கிய சில வாரங்களில், ஏயரெண்டெல் என்ற விண்மீன் மாலுமியைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். பின்னாளில் விரிந்த புராணங்களுக்கெல்லாம் விதை அது. அவர் கதைகள் நடக்கிற ‘நடுவுலகு’ என்ற உலகத்தின் பெயரும் அந்த வரியிலேயே இருக்கிறது.

கிறிஸ்துமஸின் வியப்பு ஏன் மங்கிப்போகிறது என்ற கேள்விக்கும் அந்தத் தேவதைக் கதைக் கட்டுரையில் பதில் உண்டு. பழகிப்போன பொருளை ‘எனக்குத் தெரியும்’ என்று பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறோம். அப்புறம் அதைப் பார்ப்பதே இல்லை என்கிறார். முன்னணை, நட்சத்திரம், மூன்று ஞானிகள்: குடிலில் வருடாவருடம் அதே பொம்மைகள். இதற்கு அவர் ஆங்கில நாவலாசிரியர் டிக்கின்ஸிடமிருந்து ஒரு வேடிக்கையான சொல்லைக் காட்டுகிறார். கண்ணாடிக் கதவில் ‘காபி ரூம்’ என்று எழுதியிருந்ததை உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ‘மூர் எஃபாக்’ என்று இடவலம் மாறித் தெரியும். தினம் பார்த்த எழுத்து திடீரென்று வேற்று நாட்டுச் சொல்லாகிவிடும். ஃபேன்டஸி செய்வதும் இதைத்தான், இன்னும் பெரிய அளவில். அரசர்களின் அரசன் ஒரு மாட்டுத் தொட்டியில் படுத்திருக்கிறான், விண்மீன் வழி காட்டுகிறது, கொடுங்கோலன் ஆள் அனுப்புகிறான். இதை வேறோர் உலகத்துக் கதையாக முதன்முறை கேட்பவர் எப்படி நிமிர்ந்து உட்காருவார்! நண்பர் சி. எஸ். லூயிஸ் 1950-ல் வெளியிட்ட நார்னியா கதையில், சூனியக்காரியின் ஆட்சியில் எப்போதும் பனிக்காலம், ஆனால் கிறிஸ்துமஸே வராது. ஒரு குழந்தைக்கு அந்த ஒரு வரி போதும். டோல்கீனுக்கு நார்னியா பிடிக்கவில்லை என்பது வேறு கதை. அவரும் 1920 முதல் 1943 வரை கிறிஸ்துமஸ் தாத்தாவின் நடுங்கும் கையெழுத்தில் தம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்தான்.

நற்செய்தி நூல்களில் ஒரு தேவதைக் கதையின் சாரம் முழுவதும் இருக்கிறது, ஆனால் இது வரலாற்றுக்குள் நுழைந்துவிட்ட கதை என்பது அவருடைய நம்பிக்கை. பிறப்பு மனித வரலாற்றின் திருப்பம். அந்தப் பிறப்பில் தொடங்கிய கதைக்கு உயிர்ப்பு திருப்பம். நம்பாதவர் தேவதைக் கதையின் சாரம் என்ற முதல் பாதியை ஏற்கலாம், வரலாறு என்ற இரண்டாம் பாதியில் நின்றுவிடலாம். சொல் இருவருக்கும் பயன்படும்.

தமிழில் என்ன சொல்வது? ‘இன்ப முடிவு’ பொருந்தாது, முடிவு அல்ல என்று பார்த்தோம். ‘எதிர்பாராத திருப்பம்’ துப்பறியும் கதைக்குப் போய்விட்டது. ‘அருள்திருப்பம்’ அழகு, ஆனால் நம்பிக்கை சாராத கதைகளுக்கு இடம் தராது. வேரை அப்படியே பெயர்த்தால் ‘நற்கவிழ்ப்பு’. மரியாளின் பாட்டில் வலியோர் அரியணையிலிருந்து தள்ளப்படுவதை நினைத்தால் இது மிகப் பொருத்தம். ஆனால் ஆட்சிக் கவிழ்ப்பு என்று கேட்டுப் பழகிய காதில் அரசியல் வாடை அடிக்கும். நான் ‘நற்றிருப்பம்’ என்பதையே எடுத்துக்கொள்வேன். நல் + திணை நற்றிணை ஆனதுபோல நல் + திருப்பம் நற்றிருப்பம். நற்செய்தி, நற்கருணை இவற்றோடு ஒரே குடும்பமாக நிற்கும். ‘கடா’வின் கீழ்நோக்கிய இழுப்பு இதில் இல்லை என்பது இழப்புதான். பிரித்து ‘நல்திருப்பம்’ என்று எழுதினாலும் தப்பில்லை.

அந்த இழுப்பை நினைவில் வைக்க, டோல்கீன் கூடவே தந்த எதிர்ச்சொல் உதவும்: டிஸ்கடாஸ்ட்ரஃபி, தமிழில் ‘தீத்திருப்பம்’. துயரத்தையும் தோல்வியையும் மறுக்கிற கதையில் நற்றிருப்பம் நிகழ முடியாது. தோற்பதற்கு உண்மையான வாய்ப்பு இருந்தால்தான் மீட்சி தித்திக்கும் என்று அவர் எழுதுகிறார். திருச்சபை நாட்காட்டியும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. டிசம்பர் 25 முடிந்து மூன்றே நாளில், 28-ஆம் தேதி, ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நினைவு நாள் வருகிறது. யோசேப்பும் மரியாளும் அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார்கள். எனவே லாட்டரியில் பணம் விழுந்ததையோ, தேர்வில் எதிர்பாராமல் தேறியதையோ நற்றிருப்பம் என்று எழுதவேண்டாம். அவற்றுக்கு அதிர்ஷ்டம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.