காதுக்குள் மூன்று வாய்க்கால்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது ஐம்பத்தாறு. இரண்டு ஆண்டுகளாக விடியற்காலையில் யோகா வகுப்புக்குப் போகிறார். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் கண் திறந்திருக்கும்வரை நன்றாக வருகிறதாம். கண்ணை மூடினால் ஐந்தாறு விநாடிகளில் தூக்கிய கால் தரைக்கு வந்துவிடுகிறது. "மூலாதாரம் சமநிலையில் இல்லைங்க அம்மா" என்றாராம் பயிற்சியாளர்; முதுகுத்தண்டின் அடியில் இருப்பதாக யோக மரபு சொல்லும் சக்கரம் அது. கூடவே இன்னொரு சங்கதி: தியானத்தில் கண்மூடி உட்கார்ந்தால் உடல் மெல்லச் சுழல்வதுபோல இருக்கிறது. "இது சக்கரம் சுழல்வதா, பித்தமா?" என்று கேட்கிறார்.

ஆழியாற்றிலிருந்து வெள்ளியங்கிரி அடிவாரம்வரை தவமும் யோகமும் வீட்டுப் பேச்சாகிவிட்ட பகுதி நம்முடையது. ஆக்கினை, துரியம் என்ற தியானச் சொற்களை மளிகைக் கடைக்காரரும் சரளமாகச் சொல்வார். ஆகவே எட்டி நின்று கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. தியானிப்பவர் தன் கவனத்தை உடலில் எங்கே நிறுத்துவது என்று காட்டும் வரைபடமாகவே சக்கரங்களை நான் புரிந்துகொள்கிறேன். நூலுக்கு நூல் எண்ணிக்கை மாறும்; தமிழில் 'ஆறாதாரம்' என்பதே பழைய வழக்கு. ஏழு சக்கரங்களுக்கு ஏழு வானவில் நிறம் என்பது இருபதாம் நூற்றாண்டில் மேற்கே பூசிய சாயம். உடலை அறுத்துப் பார்த்தால் அவை அகப்படாது. தாலுகா எல்லைக்கோட்டை ஏர் பூட்டி உழுது தேடினால் கிடைக்குமா?

ஆனால், நிற்பதும் விழுவதும் வேறு கணக்கு. அதற்கென்று தொட்டுப் பார்க்கக்கூடிய வளையங்களே உடலில் இருக்கின்றன.

உடல் நேராக நிற்கிறதா என்று மூளைக்குச் சாட்சி சொல்பவர்கள் மூவர்: கண், பாதமும் மூட்டுத் தசைகளும், உட்காது. கண்ணை மூடினால் ஒரு சாட்சி போய்விடுகிறது. ஒற்றைக் காலில் நின்றால் பாதத்தின் சாட்சியமும் பாதியாகிறது. கூடுதல் பாரம் உட்காதின் மேல் விழுகிறது. கண்ணை மூடி நிற்கச் சொல்லித் தள்ளாட்டத்தைப் பார்ப்பது, ஜெர்மானிய மருத்துவர் ரோம்பெர்க்கின் பெயரால் நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் செய்யும் சோதனை. பள்ளிப் பாடம்தான்; இதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவது சாட்சி. உட்காதில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. 'அரைவட்டம்' என்று பெயரே தவிர, ஒவ்வொன்றும் அரைவட்டத்தைத் தாண்டி முழு வளையத்தை நெருங்குகிறது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. அறை மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் கூடுவதுபோல ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்திருப்பதால், தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்றிலாவது அது பதிவாகிவிடும்.

எப்படிப் பதிவாகிறது? அடுப்படியில் ஒரு போசியில் தண்ணீர் ஊற்றி வேப்பிலை ஒன்றை மிதக்கவிடுங்கள். போசியைச் சட்டென்று கால்வட்டம் திருப்புங்கள். போசி திரும்பிவிடும், இலை பழைய இடத்திலேயே நிற்கும். கால்வாய்க்குள் இருக்கும் திரவமும் அப்படித்தான். தலை திரும்பும்போது அது பின்தங்குகிறது.

தடப்பள்ளி வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவருக்கு அடுத்ததைச் சொல்வது எளிது. ஒவ்வொரு கால்வாயின் அடியிலும் ஒரு புடைப்பு. அதை அடைத்தபடி மதகுப் பலகைபோலக் கூழான ஒரு தடுப்பு. பின்தங்கிய திரவம் பலகையைத் தள்ள, அது வளைகிறது. பலகைக்குள் செருகியிருக்கும் நுண்ணிய மயிர்களும் வளைகின்றன; அந்த வளைவே நரம்பு வழியாக மூளைக்குச் செய்தியாகிறது. வாய்க்காலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு: இங்கே சும்மா இருக்கும்போதும் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். குரங்குகளில் அளந்தபோது விநாடிக்கு ஏறத்தாழ 90 நரம்புத் துடிப்புகள். தலை வலப்புறம் திரும்பினால் வலக்காதில் துடிப்பு கூடும், இடக்காதில் குறையும். மூளை அந்த வித்தியாசத்தைப் படிக்கிறது. அமைதிக்கும் ஒரு தாளம் வைத்து, அதன் ஏற்ற இறக்கத்தில் திசையைச் சொல்லும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அந்தியூர் குருநாதசாமி தேர்த்திருவிழாவில் குடை ராட்டினம் ஏறியவர்களுக்கு மீதி தெரியும். ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் திரவமும் கூடவே ஓடப் பழகி, பலகை நிமிர்ந்துவிடுகிறது. ராட்டினம் நின்றதும் திரவம் மட்டும் ஓடுகிறது, பலகை எதிர்ப்பக்கம் சாய்கிறது, உலகம் எதிர்த் திசையில் சுற்றுகிறது. கொடிவேரி அணையில் குளிக்கும்போது ஒரு காதில் மட்டும் குளிர்ந்த நீர் புகுந்து கிறுகிறுத்திருக்கிறதா? குளிர்ந்த பக்கம் திரவம் அடர்ந்து கீழிறங்க, உள்ளே ஒரு நீரோட்டம் கிளம்புவதே முக்கியக் காரணம். காதுக்குள் நீர் பீய்ச்சும்போது நோயாளிகளுக்குத் தலைசுற்றுவதைக் கவனித்து இதை விளக்கிய ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதி.

கால்வாய்கள் திருப்பத்தைச் சொல்கின்றன. சாய்வைச் சொல்வது பக்கத்திலுள்ள இரண்டு பைகள். அவற்றில் கொத்தனாரின் தூக்குக்குண்டு வேலையைச் செய்பவை கால்சியம் கார்பனேட் துகள்கள். சங்ககிரிப் பக்கம் சிமென்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள்!

இனி தியானச் சுழற்சி. ஒவ்வொரு மூச்சும், ஒவ்வொரு இதயத் துடிப்பும் உடலைத் துளித் துளியாக ஆட்டுகிறது. பகல் முழுவதும் கண் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. கண்மூடிக் கவனத்தை உள்ளே திருப்பியதும் அந்த ஆட்டம் பெரிதாகத் தெரிகிறது. மிக மெதுவான சாய்வையோ உட்காது உணர்வதே அரிது. நேராக உட்கார்ந்திருப்பதாக நினைத்தவரைப் பயிற்சியாளர் தலை நிமிர்த்திவிடுவது அதனால்தான். ஆக, இது பித்தமல்ல. சக்கரம் சுழல்கிறது என்று எடுத்துக்கொள்ளவும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை உண்டு. படுக்கையில் புரளும்போது அறையே சுற்றினால் அது வேறு. என் அம்மாயிக்கு அப்படி வந்தது. 'சக்கர சுத்தி' செய்கிறேன் என்று ஒருவர் வண்ணக் கல் மாலையை விற்று, நான்கு மாதம் பணம் வாங்கினார். கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் படுக்க வைத்து, தலையை முறையாக இப்படியும் அப்படியும் திருப்பினார். இடம் தவறிக் கால்வாய்க்குள் விழுந்திருந்த சுண்ணாம்புத் துகள்கள் பைக்குத் திரும்பின. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த மாலை இன்னும் பரணில் கிடக்கிறது. சக்கரங்களைப் படம்பிடிப்பதாகச் சொல்லும் கருவிகளுக்குக் கொட்டும் காசில் ஒரு பங்கை, ஒற்றைக் கால் ஆசனம் நம் ஊர் முதியவர்கள் விழுவதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பதற்குக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

வாசகிக்கு: ஆசனத்தை விட வேண்டாம். மூன்று சாட்சிகளையும் வைத்து மூளை போடும் கணக்கு பழகப் பழகத் திருந்தும். முதலில் எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து நில்லுங்கள். கண் மூடும் நாளில் பக்கச் சுவரை ஒரு விரல் நுனியால் தொட்டுக்கொள்ளுங்கள். சாய வேண்டாம், பாரம் போட வேண்டாம். அந்தத் தொடுகை உங்களைத் தாங்குவதில்லை. உடல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் சொல்கிறது. தள்ளாட்டம் குறைய அதுவே போதுமென்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.