கொயர்: தமிழில் என்ன சொல்வது?

சனிக்கிழமை சாயங்காலம் வேப்பேரிப் பக்கம் போனால் ஏதாவதொரு தேவாலயத்தில் ‘கொயர் பிராக்டிஸ்’ நடந்துகொண்டிருக்கும். அறிவிப்புப் பலகையில் மட்டும் அது ‘பாடகர் குழுப் பயிற்சி’. எழுத ஒரு சொல், பேச ஒரு சொல்.

கிரேக்கத்தில் ‘கோரோஸ்’ என்றால் ஆடிக்கொண்டே பாடும் கூட்டம். லத்தீனில் ‘கோருஸ்’ ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சினிமாக்காரர்கள் சொல்லும் ‘கோரஸ்’ இதன் உடன்பிறப்பு. நோட்டுக் கடையில் கேட்கிற ‘ரெண்டு குயர்’ மட்டும் உறவில்லை. அது நான்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

ஆடிப் பாடும் கூட்டம் என்றதும், கைகோத்து வட்டமாக ஆடும் குரவைக் கூத்து நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரையே சூட்டி ஆடவிடுகிறாள் மாதரி. உடனே, கோரோஸ் இங்கிருந்து போனதுதான் என்று கிளம்பிவிட வேண்டாம். ஓசை ஒத்திருந்தால் வேர் ஒன்றாகிவிடாது.

ஐரோப்பியர் கப்பலேறிய இடமெல்லாம் இந்தப் பாட்டுமுறையும் கூடப் போனது. பெருவின் கெச்சுவா மொழியில் நான்கு குரலுக்கு அமைந்த மரியன்னை பாடல் ஒன்று 1631-லேயே லிமாவில் அச்சேறியது. சொல் அந்த மண்ணுடையது, குரலடுக்கு ஐரோப்பாவுடையது. தரங்கம்பாடி மிஷனரிகளும் ஜெர்மன் மெட்டில் தமிழ் வரிகளைப் பொருத்தினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அதைத் திருப்பிப் போட்டார். பொருள் கிறிஸ்தவம், ராகம், தாளம், பல்லவி, சரணம் எல்லாம் நம்முடையவை.

அதனால்தான் சென்னை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களில் இன்றும் மேல்நாட்டு மெட்டில் பாமாலை, நம் ராகத்தில் கீர்த்தனை என்று இரண்டு வகை. பாமாலைக்கு ஆர்கனோடு சொப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேல்குரல், கீழ்க்குரல்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல்குரல், கீழ்க்குரல்) எனக் குரல் நாலாகப் பிரியும். கீர்த்தனைக்குப் பிரிவினை கிடையாது, எல்லாரும் ஒரே மெட்டு. அதையும் நாலாகப் பிரித்தால் என்ன ஆகும்? சுரத்தை அசைத்து இழுக்கும் கமகம் வழுக்கிப் போகிற இடத்தில் ஆல்ட்டோ எந்தச் சுரத்தில் நிற்பாள்? ஆர்கனிலோ இரண்டு கட்டைக்கு நடுவே சுரமே இல்லை. கடைசியில் ராகத்தை மழித்துவிட்டுத்தான் பாட வேண்டியிருக்கும். சிலர் பாடுகிறார்கள், எனக்குப் பிடிப்பதில்லை.

பாடுகிற ஆட்களுக்குப் ‘பாடகர் குழு’ சரி. இசைக்குச் ‘சேர்ந்திசை’ நல்ல சொல். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர்களைத் திரட்டி பாரதி பாட்டைப் பல குரலில் பாடவைத்தாரே, அதற்கும் இது பொருந்தும். தேவாலய வாசனை இல்லாத சொல். குறை ஒன்றுதான். மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதி சுற்றும் பஜனை கோஷ்டியும் சேர்ந்துதான் பாடுகிறது, ஆனால் ஒரே மெட்டில். குரல்கள் பிரிவதைச் சொல்லியாக வேண்டிய இடத்தில் ‘பல்குரல் சேர்ந்திசை’ என்று எழுதலாம்.

தேவாலயத்துக்குள் பாடுகிறவர்கள் உட்காரும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் கொயர் என்றே பெயர். அதற்குப் ‘பாடகர் இருக்கை’ போதும்.