16 மணி நேரம் வேகும் கறுப்பு ரொட்டி

ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள வெஸ்ட்ஃபாலியாவின் ரொட்டி பும்பர்நிக்கல். பார்க்கக் கிட்டத்தட்ட கறுப்பாக இருக்கும். வெட்டிய துண்டைத் தொட்டால் விரலில் ஈரம் தெரியும். ரை என்ற தானியத்தின் முழு மணிகளும் உடைந்த நொய்யும் நெருக்கமாகப் பதிந்திருக்கும். மெல்ல மெல்ல இனிப்பு ஏறும், அதன் அடியில் லேசான கசப்பு. மரபுப்படி செய்ததில் சர்க்கரையும் கிடையாது, நிறமியும் கிடையாது. ரை நொய், தண்ணீர், உப்பு, ஊறவைத்த பழைய ரொட்டி கொஞ்சம், அவ்வளவுதான். நிறமும் இனிப்பும் அடுப்புக்குள்ளேயே பிறக்கின்றன.

வெஸ்ட்ஃபாலியப் பும்பர்நிக்கல் என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் புவிசார் பாதுகாப்பு அளித்தது. குறைந்தது 16 மணி நேரம் வேக வேண்டும் என்பது விதி. 24 மணி நேரம் வரை விடும் பேக்கரிகளும் உண்டு. சாதாரண ரொட்டி ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும்போது, இதற்கு மட்டும் ஏன் ஒரு பகலும் இரவும்?

முதலில் தானியத்தைப் பார்க்க வேண்டும். கோதுமை வளரத் தயங்கும் மணற்பாங்கான, குளிர்ந்த நிலத்திலும் ரை விளையும். ஆனால் கோதுமை மாவைப் பிசையும்போது உருவாகும் குளூட்டன் என்ற புரத வலை ரை மாவில் சரியாக அமைவதில்லை. காற்றைப் பிடித்து உப்பவைக்க ஆள் இல்லை. அதற்குப் பதிலாக ரையில் பென்டோசான் என்ற நார்ப்பொருள் நிறைய உண்டு. அது தண்ணீரை உறிஞ்சி இறுகப் பிடித்துக்கொள்ளும். ரொட்டி உப்பாமல் கனமாக இருப்பதும், நாட்கள் கழிந்தும் ஈரம் காயாதிருப்பதும் இதனால்தான்.

இனிப்பின் கதை அமைலேஸ் என்ற நொதியிலிருந்து தொடங்குகிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்குவது இதன் வேலை. சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் இனிக்கத் தொடங்குமே, அங்கே உமிழ்நீரில் வேலை செய்வதும் ஒரு அமைலேஸ்தான். ரையில் இந்த நொதி அதிகம். மாவுச்சத்து வெந்து குழையும் வெப்பநிலையிலும் அது செயலிழக்காமல் வெட்டிக்கொண்டே இருக்கும். சாதாரண ரை ரொட்டிக்கு இது தொல்லை, உள்பகுதி பிசுபிசுத்துவிடும். அதனால் புளித்த மாவின் அமிலத்தைக் கொண்டு நொதியை அடக்குவார்கள். பும்பர்நிக்கலிலோ அந்த நொதிதான் பெரிய உதவி. பெரிய பெட்டி அச்சில் அடைத்த மாவு நிதானமாகச் சூடேறுவதால், மால்டோஸ் போன்ற சர்க்கரைகளை உண்டாக்க அதற்குப் போதிய அவகாசம் கிடைக்கிறது.

பிறகு நிறம். சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குவதை, பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மைலார்டு 1912-இல் விவரித்தார். சாதாரண ரொட்டியில் இது மேலோட்டில் மட்டும் நடக்கும். ஓடு காய்ந்து 140 டிகிரியைத் தாண்டுகிறது, உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அதனால் உள்பகுதி வெளுப்பாகவே நின்றுவிடுகிறது. 100 டிகிரியில் மைலார்டு வினை நடக்கவே நடக்காது என்றில்லை. மிக மெதுவாக நடக்கும். 16 மணி நேரம் கொடுத்தால் அந்த மெதுவான வினையே ரொட்டியின் நடுப்பகுதி வரை கறுக்க வைத்துவிடுகிறது. மூடிய அச்சுகளில், நீராவி சூழ வேகவைப்பதும் இதற்காகத்தான். மேற்பரப்பு காயாததால் ஓடே உருவாவதில்லை, ஓரமும் நடுவும் ஒரே நிறமாக இருக்கின்றன.

இதே வினையை விரைவாக நடத்திக்காட்டுகிறார்கள் தெற்கே ஷ்வாபியாவின் பேக்கரிக்காரர்கள். முடிச்சாக முறுக்கிய பிரெட்செல் மாவை, கையுறை அணிந்து, சுமார் 4 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். காரத்தன்மை ஏறினால் அமினோ அமிலங்கள் சர்க்கரையோடு வெகு வேகமாக வினைபுரியும். சூடான அடுப்பில் கால் மணி நேரத்திலேயே செம்பழுப்பு ஓடு வந்துவிடுகிறது. ஒட்டியிருந்த காரம் கரியமில வாயுவோடு சேர்ந்து தீங்கற்ற கார்பனேட்டாக மாறிவிடும். பிரெட்செலை அன்றைக்கே சாப்பிட வேண்டும், மறுநாள் ஓடு நமுத்துவிடும். பும்பர்நிக்கலோ கெடாமல் கட்டிவைத்தால் வாரக்கணக்கில் தாங்கும்.

இரண்டில் ஒன்றைத்தான் சுவைக்க முடியும் என்றால் பும்பர்நிக்கலையே சொல்வேன். ஆனால் மெத்தென்ற ரொட்டியை எதிர்பார்த்து தடித்த துண்டாகக் கடித்தவர்களுக்கு அது பிடிப்பதில்லை. அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். மேலே தாராளமாக வெண்ணெய், அதன் மேல் வெஸ்ட்ஃபாலியாவின் உலர்ந்த பன்றித்தொடை இறைச்சியோ காரசாரமான சீஸோ வைப்பது ஊர் வழக்கம். இறைச்சி வேண்டாதவர்களுக்கு அங்கேயே ஓர் இனிப்பு உண்டு: உதிர்த்த பும்பர்நிக்கல், செர்ரி, கடைந்த பாலாடை ஆகியவற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கடுக்காக வைத்துத் தருவார்கள். ஸோஸ்ட் நகரில் 1570-லிருந்து இயங்கிவரும் ஹாவர்லாண்ட் பேக்கரி இந்த ரொட்டிக்குப் பேர்போனது.

வேறு நாடுகளில் இதே பெயரில் கோதுமை மாவையும் கருப்பஞ்சாற்றுப் பாகையும் கோகோவையும் கலந்து, ஒரு மணி நேரத்தில் கறுப்பாக்கி விற்பதும் நடக்கிறது. வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பட்டியலில் கோதுமை முன்னால் நின்றால், அது இந்த ரொட்டி அல்ல.